யார் கூற்று?

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், வியர் ஆறு கடலில் விழும் இடத்தில் இருக்கிறது சண்டர்லாந்து. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த ஊர்ச் சூளைகளிலிருந்து குடங்களோடும் குவளைகளோடும் இன்னொரு சாமானும் ஏராளமாக வெளியே வந்தது. ஏறக்குறைய பள்ளிக்கூடச் சிலேட்டின் அளவில் ஒரு சுடுமண் தகடு. நடுவே வெள்ளைப் பரப்பு, அதில் பூமாலைக்குள் கறுப்பு எழுத்தில் பைபிள் வசனம் ஒன்று. சுற்றிலும் மேகம் கலைந்தாற்போன்ற இளஞ்சிவப்பு. விளிம்பில் செம்பு நிறத்தில் மினுங்கும் சட்டம். கயிறு கோத்து ஆணியில் மாட்ட மேலே இரண்டு துளைகள். மாலுமிகளின் வீடுகளிலும் சுரங்கத் தொழிலாளிகளின் வீடுகளிலும் கணப்பு அடுப்புக்கு மேலேயும் படுக்கையறைச் சுவரிலும் தொங்கிய இந்தத் தகடுகள் இன்று சண்டர்லாந்து அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். நிறத்தை வைத்தும் பூமாலையின் அமைப்பை வைத்தும் எந்தச் சூளையில் எந்தப் பத்தாண்டில் செய்தது என்று கணிக்கிறார்கள். அருமையான உழைப்பு அது. ஆனால் நடுவில் இருக்கும் வசனத்தையும் நிறுத்தி வாசிக்க வேண்டும். வாசித்தால் நெஞ்சை உறுத்தும் ஒன்று தெரியவரும்: சூளைக்குள் போன வசனம் பத்திரமாக வெளியே வந்துவிடுகிறது, அதைப் பேசியவர் வருவதில்லை.

முதலில் மண். வியர் கரையில் கிடைப்பது பழுப்பு மண், வெள்ளைச் சாமானுக்கு ஆகாது. ஆனால் அங்கிருந்து நிலக்கரி ஏற்றிக்கொண்டு லண்டனுக்கும் தென்கரைக்கும் போன கப்பல்கள் வெறுமையாகத் திரும்பினால் கடலில் தள்ளாடும், அடிப்பாரம் வேண்டும். தெற்கே வெட்டிய வெள்ளைக் களிமண்ணும் சிக்கிமுக்கிக் கல்லும் அந்த அடிப்பாரமாகவே வந்து சேர்ந்தன. எரிக்க நிலக்கரி காலடியில். மேலிங் குடும்பத்தார் 1762-இல் நார்த் ஹில்டனிலும், ஸ்காட் குடும்பத்தார் 1788-இல் சவுத்விக்கிலும் சூளை தொடங்கியதற்கு இந்தக் கணக்கே காரணம். இளஞ்சிவப்பு நிறமோ தங்கத்திலிருந்து வருவது. இராஜத் திராவகத்தில் தங்கத்தைக் கரைத்து வெள்ளீயம் சேர்த்தால் கிடைக்கும் ஊதாச் சாயம் அது. பதினேழாம் நூற்றாண்டின் ஆந்த்ரேயாஸ் காசியஸ் பெயரால் வழங்குகிறது. அதைப் பூசி, ஈரம் காய்வதற்குள் எண்ணெய்த் துளிகளைத் தெளித்து மறுபடியும் சுட்டால், துளிகள் விரிந்து குமிழ் குமிழாக நிறம் விலகும். எந்த இரண்டு தகடும் ஒன்றுபோல் இருக்காது. வசனம் அப்படியல்ல. செப்புத் தகட்டில் செதுக்கி, மெல்லிய தாளில் அச்செடுத்து, அந்தத் தாளை மண்மேல் அழுத்தி மாற்றுவார்கள். எத்தனை தகடு செய்தாலும் எழுத்து மாறாது. ஆகக் கைவேலை முழுதும் சட்டத்தில்தான், வசனம் வெறும் அச்சு. சட்டமும் ஏடும் ஒரே மண் என்பதையும் கவனிக்க வேண்டும். மரச்சட்டமென்றால் உள்ளே இருப்பதைக் கழற்றிவிட்டு வேறொன்றை வைக்கலாம். இங்கே உடையும்வரை அதே வசனம்தான்.

படத்துக்குரிய இடத்தில் எழுத்தை வைக்கும் இந்த வழக்கத்துக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1547-இல் ஆறாம் எட்வர்ட் ஆட்சிக்கு வந்ததும் ஆங்கிலத் திருச்சபைக் கோயில்களிலிருந்து சொரூபங்களை அகற்ற ஆணைகள் பிறந்தன. சுவரோவியங்கள்மேல் சுண்ணாம்பு ஏறியது. வெளுத்துக் கிடந்த சுவரை அப்படியே விட மனம் வரவில்லை போலும். 1604-இல் வகுத்த சபை விதிகள், பத்துக் கட்டளைகளைக் கிழக்குச் சுவரில் மக்கள் பார்த்து வாசிக்கும்படி வைக்கவும், தேர்ந்தெடுத்த வேறு வாக்கியங்களை மற்ற இடங்களில் எழுதவும் சொல்கின்றன. 'தேர்ந்தெடுத்த' என்பதுதான் முக்கியமான சொல். புத்தகத்திலிருந்து வாக்கியம் பிரிந்து சுவருக்கு வந்தது அன்றுதான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அன்று அது விதியாயிற்று. ஜான் வெஸ்லி 1742-இல் நியூகாசிலுக்கு வந்து அதைத் தன் வடபுலத் தலைமையிடமாக்கினார். அவர் பின்னால் வந்த மெத்தடிஸ்ட் சபைகள் நிலக்கரி ஊர்களில் வேர்விட்டன. 1780-களிலிருந்து ஞாயிறு பள்ளிகள் பரவி, ஏழை வீட்டுப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கினார்கள். எழுதக் கற்றுக்கொடுப்பது ஓய்வுநாளுக்கு ஆகுமா என்று மெத்தடிஸ்டுகளுக்குள்ளேயே சண்டை நடந்தது, வாசிக்கக் கற்றுக்கொடுப்பதில் யாருக்கும் தயக்கம் இல்லை. வாசிக்கத் தெரிந்த, ஆனால் எழுதப் பழகாத ஒரு தலைமுறையின் வீட்டுச் சுவரில் கோயில் சுவரின் ஒரு துண்டாக வந்து தொங்கியது இந்தத் தகடு.

இந்த இடத்தில் தமிழ் இலக்கணம் நமக்கு ஒரு கருவியைக் கொடுத்து உதவுகிறது. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளை எண்ணும்போது கூற்று, கேட்போர், களன் ஆகியவற்றைத் தனித்தனியாக எண்ணுகிறது. பேசுவது யார், கேட்பது யார், எங்கே நின்று பேசுகிறார்கள் என்பவை செய்யுளுக்கு வெளியே உள்ள தகவல்கள் அல்ல, அதன் உடம்பு. குறுந்தொகைப் பாட்டு ஒன்றை அதன் அடிக்குறிப்பை மறைத்துவிட்டு வாசித்துப் பார்த்தால் இது புரியும். தலைவி சொன்னால் ஏக்கமாகும் அதே சொற்கள் பரத்தை வாயில் இகழ்ச்சியாகும். தோழி சொன்னால், மறைவில் நிற்கும் தலைவன் காதில் விழவேண்டும் என்று சொன்னதாகும். ஏடு தொகுத்தவர்கள் 'தலைவி கூற்று', 'தோழி கூற்று' என்று மறக்காமல் எழுதிவைத்ததற்குக் காரணம் இருக்கிறது. சண்டர்லாந்துத் தகடுகளில் இல்லாதது இந்தக் குறிப்புத்தான். அதிகாரமும் எண்ணும் சிலவற்றில் இருக்கலாம். பேசியவர் பெயர் இருக்காது. சுவரில் மாட்டியதும் எல்லாவற்றையும் கடவுளே நேராகப் பேசுவதுபோல் ஆகிவிடுகிறது.

மிகப் பரவலாகச் செய்யப்பட்ட தகடுகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடவுள் தன்னைப் பார்க்கிறார் என்று சொல்லும் நான்கே ஆங்கிலச் சொற்கள். சிலவற்றில் மேலே கதிர் வீசும் ஒற்றைக் கண்ணும் உண்டு. குழந்தை சர்க்கரைப் பாத்திரத்தில் கை வைத்தாலும், வேலைக்காரப் பெண் எஜமானியின் அலமாரியைத் திறந்தாலும் அந்தக் கண் பார்க்கும். விக்டோரியா காலத்துப் பிள்ளைகளின் அறையிலும் பெண்பிள்ளைகளின் துணித் தையல் பயிற்சியிலும் இந்த வாக்கியம் வந்ததெல்லாம் இப்படி எச்சரிக்கையாகத்தான். இப்போது ஆதியாகமம் பதினாறாம் அதிகாரத்துக்குப் போனால், அதைச் சொல்கிறவள் ஓர் எகிப்திய அடிமைப்பெண். பெயர் ஆகார். எஜமானி சாராய்க்குப் பிள்ளையில்லை என்பதால் அவளுடைய புருஷனிடம் கொடுக்கப்பட்டவள், கர்ப்பமானபின் எஜமானியின் கொடுமை தாங்காமல் ஓடிப்போனவள். சூருக்குப் போகும் வழியில், வனாந்தரத்து நீரூற்று ஒன்றின் அருகே தேவதூதன் அவளைக் கண்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். அந்தக் கதையில் சாராயும் ஆபிராமும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, அடிமைப்பெண் என்றே சொல்லிவந்தார்கள். அவள் பதிலுக்குக் கடவுளுக்கு ஒரு பெயர் வைக்கிறாள்: தன்னைப் பார்க்கிறவர். பைபிளில் கடவுளுக்குப் பெயர் சூட்டும் முதல் ஆள் அவள்தான், அரசனோ தீர்க்கதரிசியோ அல்ல. யார் கண்ணிலும் ஆளாகப் படாத ஒருத்தி, தன்னை ஒருவர் பார்த்துவிட்டார் என்று வியந்து சொன்ன சொல் அது. இதை அடிமைகளையும் வேலைக்காரிகளையும் அடக்கிவைக்கும் கண்ணாக மாற்ற வசனத்தில் ஒரு எழுத்தைக்கூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை. ஆகாரின் பெயரை எடுத்தால் போதுமானதாக இருந்தது.

இதைவிடக் கடுமையான சான்று யோபு புத்தகத்திலிருந்து வருகிறது. உத்தமனைக் கடவுள் கைவிடுவதில்லை, பொல்லாதவர்களுக்குக் கை கொடுப்பதும் இல்லை என்ற பொருளில் ஒரு தகடு உண்டு. வாசிக்க இதமான வாக்கியம். நல்ல மனிதருக்குக் கெடுதல் வராது என்று எந்தக் குடும்பத்தலைவரும் நம்ப விரும்புவார். யோபுவின் எட்டாம் அதிகாரத்தில் இதைச் சொல்கிறவன் பில்தாத். பிள்ளைகளை எல்லாம் ஒரே நாளில் பறிகொடுத்து, உடம்பெல்லாம் பருக்களோடு சாம்பலில் உட்கார்ந்திருக்கும் நண்பனிடம் சொல்கிறான். உன் பிள்ளைகள் செத்தது அவர்கள் செய்த பாவத்தால்தான் என்று அதே பேச்சின் தொடக்கத்தில் அவன் சொல்லிவிட்டான். புத்தகத்தின் முடிவில் கடவுள் பில்தாத் உட்பட மூன்று நண்பர்களையும் கடிந்துகொள்கிறார். தன்னைப் பற்றி அவர்கள் பேசியது சரியில்லை, யோபு பேசியதே சரி என்கிறார். கடவுளே மறுத்த வாதம் கடவுளின் வாக்காகச் சட்டமிட்டுத் தொங்கியது. அதே சூளைகள் யோபுவின் சொல்லையும் சுட்டன. மனிதன் செத்து உலர்ந்துபோகிறான், அதன்பின் அவன் எங்கே என்று கேட்கும் பதினான்காம் அதிகாரத்துச் சொல். அதற்குச் சற்று முன்னால் யோபு மரத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். வெட்டுண்ட மரத்துக்குக்கூடத் தண்ணீர் வாசனையில் துளிர்க்க நம்பிக்கை உண்டு, மனிதனுக்கு அதுவும் இல்லையே என்று. தகட்டில் மரம் இல்லை. மரம் இல்லாதபோது கேள்வி மரணத்தைப் பற்றிய பொதுவான நீதிபோதனையாகச் சுருங்கிவிடுகிறது. குற்றம் சாட்டியவனின் சொல்லும் குற்றம் சாட்டப்பட்டவனின் புலம்பலும் ஒரே கடையில், ஒரே இளஞ்சிவப்பில், பக்கத்துப் பக்கத்தில் விற்றன. வாங்கியவர் இரண்டையும் ஒரே சுவரில் மாட்டியிருக்கலாம். இரண்டும் ஒரே குரலில் பேசியிருக்கும்.

ஆமோஸ் தீர்க்கதரிசியின் சொல் ஒன்றும் பரவலாகச் சுடப்பட்டது. கடவுளை எதிர்கொள்ளத் தயாராகு என்பது அது. அந்த ஊருக்கு அது வேண்டியதாகவே இருந்தது என்பதை மறைப்பதில் பொருளில்லை. 1812-இல் அருகிலிருந்த ஃபெல்லிங் சுரங்க வெடிப்பில் 92 ஆண்களும் சிறுவர்களும் செத்தார்கள். அடுத்த ஆண்டு சுரங்க விபத்துகளைத் தடுக்கச் சண்டர்லாந்தில் ஒரு சங்கமே அமைத்தார்கள். 1831-இல் பிரிட்டனுக்குள் காலரா நுழைந்ததே இந்த ஊர்த் துறைமுகம் வழியாகத்தான். மெத்தடிஸ்ட் அறிஞர் ஆடம் கிளார்க்கின் உருவமும் இந்தத் தகடுகளில் உண்டு; அவரும் அடுத்த ஆண்டு லண்டனில் காலராவில் இறந்தார். காலையில் குழிக்குள் இறங்கியவன் மாலையில் ஏறிவருவான் என்று சொல்ல முடியாத வீட்டில், கடல்மேல் போனவனுக்குக் கல்லறைகூட அமையாத வீட்டில், அந்த வாக்கியம் அச்சுறுத்தலாக மட்டும் இருந்திருக்காது. ஆனாலும் ஆமோஸ் யாரிடம் பேசினார்? தெக்கோவா ஊர் மேய்ப்பரான அவர் அந்த நான்காம் அதிகாரத்தைச் சமாரியாவின் செல்வச் சீமாட்டிகளைப் பாசான் நாட்டுக் கொழுத்த மாடுகள் என்று விளித்துத் தொடங்குகிறார். ஏழைகளை நசுக்கிவிட்டுப் புருஷனிடம் குடிக்கக் கொண்டுவரச் சொல்கிறவர்கள் அவர்கள். தயாராகச் சொன்னது அப்படிப்பட்டவர்களால் நடத்தப்பட்ட ஒரு தேசத்தை. அந்தச் சொல் டர்ஹாம் மாவட்டத்தில் நிலக்கரி முதலாளியின் மாளிகைச் சுவரில் தொங்கியிருந்தால் கேட்போர் மாறியிருக்க மாட்டார். ஆண்டுக்கு ஒருமுறை பிணைப்பத்திரத்தில் பெருக்கல் குறி போட்டுத் தன் உழைப்பை எழுதிக்கொடுத்தவனின் வீட்டில் தொங்கியபோது நசுக்கியவர்களுக்கு வந்த எச்சரிக்கை நசுங்கியவர்களின் தலைமேல் இறங்கியது.

அவர்களுக்குத் தெரியாதா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஞாயிறுதோறும் இரண்டு முறை கோயிலுக்குப் போய், இரவில் குடும்பமாக அதிகாரம் அதிகாரமாக வாசித்த மக்களுக்கு ஆகார் யார், பில்தாத் யார் என்று தெரியாமல் இருக்குமா? தகடு அவர்களுக்கு வெறும் ஞாபகக் கயிறு, கதை நெஞ்சில் இருந்தது. இந்த எதிர்வாதத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொள்ள வைப்பவர் தாமஸ் ஹெப்பர்ன். எட்டு வயதில் குழிக்குள் இறங்கி, மெத்தடிஸ்ட் பிரசங்கியாகி, 1831-இல் வடபுலச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தை வேலைநிறுத்தத்துக்கு அழைத்துச் சென்று, சிறுவர்களின் வேலைநேரத்தைப் பன்னிரண்டு மணியாகக் குறைக்க வைத்தவர். வேலைநிறுத்தம் செய்தவர்களின் கையில் இருந்த ஒரே புத்தகம் பைபிள்தான் என்றால் மிகையில்லை. யாத்திராகமத்தைத் தங்களைப் பற்றிய கதையாக வாசிக்க அவர்களுக்குத் தெரியும். ஆமோஸ் யாரைத் திட்டினார் என்பது அவர்களுக்கு விளக்கப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்த அறிவு மனிதர்களிடம் இருந்தது, தகட்டில் இல்லை. வீட்டுக்காரர் செத்தார், சபை கலைந்தது, சுரங்கம் மூடியது, தகடு மட்டும் உடையாமல் மிஞ்சியது. மிஞ்சியபின் அது யாருக்கும் எதையும் நினைவூட்டவில்லை, தன்னிடம் எழுதியிருப்பதை மட்டும் சொல்கிறது. அதோடு, வீட்டில் எல்லாருமே ஹெப்பர்ன் அல்ல. எழுத்துக்கூட்டத் தொடங்கிய குழந்தைக்கும், வாரக் கூலிக்கு வந்த பெண்ணுக்கும் கதைக்கு முந்தி வாக்கியம்தான் கண்ணில் பட்டிருக்கும்.

இன்னொரு எதிர்வாதம் இதைவிட நுட்பமானது. எல்லாச் சொல்லுக்கும் கூற்று வேண்டுமா? நீதிமொழிகள் தனித்து நிற்கவென்றே பிறந்தவை. நம் பேருந்துகளில் ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால் குறள் எழுதியிருக்கிறது. வள்ளுவர் அறத்துப்பாலில் யார் வாயிலும் வைக்காமல் சொன்னதால் அது அங்கே தனியாக நிற்பதில் குறையில்லை. அதே வள்ளுவர் காமத்துப்பாலை எழுதும்போது கூற்றுக்குத் திரும்புகிறார், அந்தக் குறள்களைப் பேருந்தில் எழுதினால் யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று பயணி திகைப்பார். ஆக, வாக்கியங்களில் இரண்டு சாதி உண்டு. பேசுபவரை உதறிவிட்டும் நிற்பவை, உதறினால் வேறாகிவிடுபவை. கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டில் முதல் அடி மட்டும் உலகெங்கும் மேடைகளில் ஏறுகிறது. மீதிப் பாட்டோ, பாறையில் மோதி ஒலிக்கும் பேராற்றில் அடித்துச் செல்லப்படும் தெப்பத்தைப் போன்றது உயிர் என்ற தெளிவிலிருந்து, பெரியோரை வியக்கவும் சிறியோரை இகழவும் மறுக்கிறது. அடியை மட்டும் எடுத்தவர்கள் தவறாக எடுக்கவில்லை, ஆனால் தெப்பத்தைக் கரையில் விட்டுவிட்டார்கள். சண்டர்லாந்துக்காரர்கள் இறைவனைத் துதிக்கச் சொல்லும் வசனத்தையும் சுட்டார்கள். அது எந்தச் சுவரிலும் அதேதான், அதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சிக்கல் எதுவென்றால், மண்ணும் பூமாலையும் இந்த இரண்டு சாதியையும் பிரித்துக் காட்டுவதில்லை. பில்தாத்துக்கும் சங்கீதக்காரருக்கும் ஒரே சட்டம்.

மண்ணின் குணமே இதுதான், இத்தனை சிறிய பரப்பில் கதைக்கு இடமேது என்று சொன்னால் நெதர்லாந்து மறுக்கிறது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ராட்டர்டாமிலும் யூட்ரெக்ட்டிலும் ஹார்லிங்கனிலும் சுட்ட பைபிள் ஓடுகள் இந்தத் தகடுகளைவிடச் சிறியவை, பக்கத்துக்கு ஏறக்குறைய 13 சென்டிமீட்டர். வெள்ளை மெருகின்மேல் நீலத்திலோ ஊதாவிலோ ஒரு காட்சி: கிணற்றடியில் ரெபேக்காள், மீன் வாயிலிருந்து வெளியே வரும் யோனா, வனாந்தரத்தில் ஆகாரும் தூதனும். பலவற்றில் எழுத்தே கிடையாது. சிலவற்றில் படத்துக்குக் கீழே புத்தகத்தின் பெயரும் அதிகார எண்ணும் மட்டும். வாக்கியம் வேண்டுமென்றால் எழுந்துபோய்ப் புத்தகத்தைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் தெரிந்த யாராவது சொல்ல வேண்டும். லண்டனில் 1702-இல், இருபது பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்த ஃபிலிப் டாட்ரிஜ் வாசிக்கக் கற்பதற்கு முன்னமே இரண்டு ஏற்பாடுகளின் கதைகளையும் கற்றுக்கொண்டது இப்படித்தான். வீட்டுக் கணப்பு அடுப்பைச் சுற்றிப் பதித்திருந்த டச்சு ஓடுகளை ஒவ்வொன்றாகக் காட்டி அவருடைய தாய் சொல்லிக்கொடுத்தார். அந்தத் தாய், மதத்துன்பத்துக்குத் தப்பிப் பிராகாவிலிருந்து ஓடிவந்த ஒருவரின் மகள். ஓடிப்போகிறவர்களின் கதையை அவர் எப்படிச் சொல்லியிருப்பார் என்று கற்பனை செய்யத் தோன்றுகிறது. டாட்ரிஜ் பின்னாளில் நார்த்ஹாம்ப்டனில் போதகராகவும் கீர்த்தனை ஆசிரியராகவும் பெயர் பெற்றார். ஓட்டில் ஆள் இருந்தது, சொல் இல்லை. தகட்டில் சொல் இருக்கிறது, ஆள் இல்லை. இரண்டும் அரைகுறைதான். ஆனால் ஆள் இருந்து சொல் இல்லாதபோது, யார் இது, என்ன சொல்கிறாள் என்று குழந்தை கேட்கும், தாய் பதில் சொல்ல வேண்டிவரும். சொல் மட்டும் இருக்கும்போது குழந்தை கேட்க ஒன்றும் இல்லை, கீழ்ப்படிய மட்டுமே இருக்கிறது. என் வாதம் முழுதும் இந்த வேறுபாட்டின்மேல்தான் நிற்கிறது. யூத வீட்டு நிலைக்காலில் பதிக்கும் மெசூசாவையும் இங்கே நினைக்கலாம். உபாகமத்தின் இரண்டு பகுதிகள், முழுப் பத்திகளாக, தோல் சுருளில் கையால் எழுதிச் சுருட்டி உறைக்குள் வைத்தவை. இஸ்ரவேலை விளித்தே தொடங்குகிறது அந்த எழுத்து. யாரிடம் பேசுகிறது என்பதை உள்ளேயே வைத்துக்கொண்டு அது கண்ணுக்கு மறைந்திருக்கிறது.

பேசியவரை மீட்டுவிட்டால் எல்லாம் ஆறுதலாகிவிடும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆகார் விஷயத்திலேயே அது நடக்காது. கறுப்பின அமெரிக்க இறையியலாளர் டெலோரஸ் வில்லியம்ஸ் 1993-இல் வெளியிட்ட நூலில், ஆகாரை அடிமைத்தனத்திலும் தாய்மையிலும் அடிபட்ட தன் சமூகத்துப் பெண்களின் மூதாதையாக வைத்து வாசித்தார். அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை: ஆகாரைப் பார்த்த அதே கடவுளின் தூதன் அவளை எஜமானியிடமே திரும்பிப் போகச் சொல்கிறான். அந்த இடத்தில் ஆகாருக்குக் கிடைத்தது விடுதலை இல்லை. உயிர்பிழைக்க வழியும், தன் வயிற்றுப் பிள்ளைக்கு ஒரு வாக்கும் கிடைத்தன. அப்படியானால் தகட்டுக் கண்ணுக்கும் ஆகாரின் கடவுளுக்கும் பெரிய தூரம் இல்லையே என்று ஒருவர் சொல்லலாம். தூரம் இருக்கிறது. திரும்பிப் போகச் சொன்னதை ஆகாரோடு சேர்ந்து நாம் கேட்கிறோம், அவள் பக்கம் நின்று, ஏன் என்று கேட்க முடிகிறது. வில்லியம்ஸ் கேட்டார். தகட்டின் முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்க இடமில்லை. மகனைக் கடலுக்கு அனுப்பிய ஒரு தாய், இளஞ்சிவப்புக்கு நடுவே இருந்த அந்த நான்கு சொற்களை, அவர் என் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார் என்றுதான் வாசித்திருப்பாள் என்பதை நான் மறுக்கவில்லை, நம்பவும் செய்கிறேன். ஆனால் அவள் அப்படி வாசித்தது தகட்டின் உதவியால் அல்ல. கண் வரைந்தவனைவிட ஆகாரோடு அவளுக்கு உறவு நெருக்கம்.

மலிவான கடைச் சரக்குக்கு இத்தனை வியாக்கியானம் எதற்கு, விற்றதைச் சூளைக்காரன் சுட்டான் என்று ஒதுக்குவதும் எனக்குச் சம்மதமில்லை. விற்றதைச் சுட்டான் என்பதாலேயே அது சான்று. எந்தப் பிரசங்கத்தை யார் கேட்டுத் தலையாட்டினார்கள் என்று பதிவேடு கிடையாது. எந்த வாக்கியத்தைக் காசு கொடுத்து வாங்கி அடுப்புக்கு மேலே ஆணியடித்தார்கள் என்பதற்கு இந்தத் தகடுகள் இருக்கின்றன.  அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் சூளையின் பெயரையும் ஆண்டையும் எழுதும் சிறு அட்டையில் இன்னொரு வரியையும் சேர்த்து, யார் கூற்று, யாரிடம், எங்கே என்று எழுத வேண்டும். பில்தாத் கூற்று, யோபுவிடம், சாம்பல்மேட்டில். ஆகார் கூற்று, கடவுளிடம், சூருக்குப் போகும் வழியில். அந்த ஒரு வரி இருந்தால் பார்க்கிறவர் சட்டத்தைத் தாண்டி உள்ளே போவார்.

வசனத்தை மண்ணில் பதிக்கும் தொழில் இன்றும் நடக்கிறது. கையால் வனைந்து எழுத்தைக் குத்திச் சுட்ட தகடுகளைத் திருமணத்துக்கும் வீடு குடிபுகுதலுக்கும் பரிசாகக் கொடுக்கிறார்கள். எரேமியா இருபத்தொன்பதாம் அதிகாரத்தின் பதினோராம் வசனம் அவற்றில் மிகவும் விரும்பப்படுவது. நம் ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் காலண்டரிலும் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையிலும் அடிக்கடி வருவதும் அதுதான். கெடுதலை எண்ணவில்லை, நல்ல முடிவையும் நம்பிக்கையையும் தரவே எண்ணியிருக்கிறேன் என்று கடவுள் சொல்வது. அது ஒரு கடிதத்தின் நடுப்பகுதி. பாபிலோனுக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பிய கடிதம். இரண்டே ஆண்டில் எல்லாரும் திரும்பிவிடலாம் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி அப்போதுதான் சொல்லியிருந்தான், மக்களுக்கு அது இனித்தது. எரேமியா எழுதினார்: எழுபது ஆண்டு ஆகும், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள். முந்தின வசனத்திலேயே அந்த எழுபது இருக்கிறது. கடிதத்தைப் பிரித்துக் கேட்ட பெரியவர்களில் அநேகமாக யாரும் திரும்பிப் போகப்போவதில்லை. தங்களுக்குக் கிடைக்காத ஒன்றைத் தங்கள் பேரப்பிள்ளைகளுக்காக நம்பும்படி கேட்டுக்கொள்ளப்பட்டவர்கள் அவர்கள். பரிசுத் தகட்டில் எழுபதைச் சேர்க்க இடமிருக்கிறது. சேர்த்தால் அதை வாங்குகிறவர்கள் குறைவார்கள், வாங்குகிறவர்களுக்கோ அது நீண்ட நாள் உழைக்கும். வேலை போனவனின் வீட்டில், நோய் நீண்டுகொண்டே போகும் வீட்டில், உடனே நல்லது நடக்கும் என்று சொல்லும் தகட்டைவிட, காத்திருக்கும்போது தோட்டம் போடு என்று சொல்லும் தகடு பொய்யாகிப் போகாது.

மண்ணுக்குப் பெயர்களைக் காக்கத் தெரியும் என்பதையும் அதே எரேமியாதான் சொல்லியிருக்கிறார். பாபிலோனியப் படை எருசலேமைச் சுற்றி நின்றபோது, காவற்கூடத்து முற்றத்தில் அடைபட்டிருந்த அவர், ஆனதோத்தில் ஒரு நிலத்தை விலைக்கு வாங்கினார், எதிரியின் கைக்குப் போகவிருந்த நிலத்தை. விற்றவர் அவருடைய பெரியப்பன் மகன் அனாமெயேல். விலை பதினேழு சேக்கல் வெள்ளி, தராசில் நிறுத்துக் கொடுத்தார். சாட்சிகள் கையெழுத்திட்டார்கள். முத்திரையிட்ட பத்திரத்தையும் திறந்திருந்த படியையும் தன் எழுத்தரான பாருக்கிடம் ஒப்படைத்து, அவை நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்துக்குள் வைக்கச் சொன்னார்.